படித்த நாவலைப் பற்றி நாலு வரி எழுதி வைப்பது எப்படி

பவானியிலிருந்து ஈரோட்டுக்குத் தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன். ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. உட்கார இடம் கிடைத்தால் கையில் நாவல். இரவு அடுப்படி வேலை முடிந்த பிறகு இன்னும் பத்துப் பதினைந்து பக்கம். இப்படியே வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாவல் படித்துவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடையில் கூட வேலை பார்க்கும் பெண் கேட்டாள்: "அக்கா, நேத்து ஒரு நாவல் முடிச்சீங்களே, எப்படி இருந்துச்சு?" "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன். "என்ன நல்லா இருந்துச்சு?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மூன்று வாரம் பையிலேயே வைத்துச் சுமந்த புத்தகம். அழுதுகூட இருக்கிறேன். ஆனால் ஒரு வரி சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலம் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். அதிலிருந்து நான் பழகிக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில், முன்னுரையைத் தாண்டிப் போய்விடுங்கள். நம் நாவல்களில் முன்னால் யாராவது பெரியவர் எழுதியிருப்பார், கதை முழுக்க அதிலேயே இருக்கும். யார் சாகிறார், யார் யாரைக் கட்டிக்கொள்கிறார் என்று தெரிந்துவிடும். அதைவிட, எது முக்கியமான இடம் என்று அவர் சொன்னது மனதில் உட்கார்ந்துவிடும். அப்புறம் நாம் படிப்பது அவருடைய கண்ணால்தான். நாவலை முடித்து, உங்கள் நாலு வரியை எழுதிவிட்டு, பிறகு முன்னுரைக்கு வாருங்கள். அப்போது அவரோடு பேசுகிற மாதிரி இருக்கும்.

படிக்கும்போதே குறிப்பு எடுக்க வேண்டாம், கதை அறுந்துவிடும். பக்க எண் மட்டும் போதும். நூலகப் புத்தகத்தில் பென்சில் வைக்கக் கூடாது. அதனால் மகளிருக்குக் கொடுக்கும் கட்டணமில்லா டிக்கெட்டின் பின்னால் எண்ணையும் ஒரே ஒரு சொல்லையும் எழுதி, அதே பக்கத்தில் செருகிவிடுவேன். "குடம்", "சோறு", "மாமியார்" என்று. முடிக்கும்போது ஏழெட்டு டிக்கெட் சேர்ந்திருக்கும்.

நாவல் முடிந்த அன்றே எழுத உட்கார வேண்டும். மறுநாள் என்றால் பாதி போய்விடும். அதோடு, யாரிடமும் பேசுவதற்கு முன்னால், எந்த விமர்சனத்தையும் பார்ப்பதற்கு முன்னால் எழுத வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது பூமணியின் 'வெக்கை'யில். இந்த நாவலை வைத்து எடுத்த 'அசுரன்' படம் 2019இல் வந்தபோது பார்த்திருந்தேன். 1982இல் வந்த நாவலை அதற்கு அப்புறம்தான் எடுத்தேன். முதல் ஐம்பது பக்கம் படத்தையே தேடிக்கொண்டிருந்தேன். அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்ட நினைத்துப் போன பதினைந்து வயதுப் பையன், ஆளையே கொன்றுவிட்டு அப்பாவோடு ஓடி ஒளிகிறான். சண்டை எப்போது வரும் என்று நான் காத்திருக்க, நாவலில் அப்பனும் மகனும் காட்டில் கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, பழசைப் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். அந்தச் சமையல்தான் நாவல் என்று புரிய எனக்குப் பாதிப் புத்தகம் ஆனது. ஒரு கொலைக்குப் பிறகும் பையனுக்குப் பசிக்கும், அப்பன் அவனுக்கு வயிறு நிறையக் கொடுக்கப் பார்ப்பான். என் நோட்டில் இருப்பது இந்த ஒரு வரிதான். படம் பார்த்தவர்கள் நாலு பேரிடம் பேசிவிட்டு எழுதியிருந்தால் இது எனக்கு வந்திருக்காது.

எழுதும்போது சில சொற்களை ஒதுக்கி வையுங்கள். அருமை, சிறப்பு, யதார்த்தம், மண்வாசனை, விறுவிறுப்பு. நான் நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். இவை எந்த நாவலுக்கும் பொருந்தும். நீங்கள் எழுதியதில் நாவலின் பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அடித்துவிட்டு, ஒரு காட்சியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

காட்சி என்றால் எப்படி? அசோகமித்திரனின் 'தண்ணீர்' சின்னப் புத்தகம், சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் நடக்கும் கதை. நான் முதலில் எழுதியது: "தண்ணீர்க் கஷ்டத்தை நன்றாகச் சொல்லியிருக்கிறார்." அடித்துவிட்டேன். டிக்கெட்டைப் புரட்டினால், கதையின் நாயகி ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கல்யாணக் கதையைச் சொல்லும் பக்கத்தில் "மாமியார்" என்று எழுதியிருந்தது. அந்த இடத்தை மறுபடி படித்தேன். டீச்சரம்மா ஆறுதல் என்று ஒன்றும் பெரிதாகச் சொல்வதில்லை. தான் பட்டதைச் சொல்கிறாள், அவ்வளவுதான். ஜமுனா எழுந்து நிற்பதற்கு அது போதுமாக இருக்கிறது. பிறகு எழுதினேன்: "என் அத்தை இப்படித்தான் பேசுவார். புத்தி சொல்ல மாட்டார். தன் கதையைச் சொல்வார். கேட்டு முடித்ததும் நமக்கு வேலை செய்யத் தெம்பு வந்துவிடும்." இதில் என் அத்தை வந்தது தப்பு என்று முதலில் நினைத்தேன். இப்போது நினைப்பதில்லை. படித்தது நான்தானே.

பிடிக்காததையும் எழுதுங்கள். இதற்குத்தான் நிறையப் பேர் தயங்குகிறார்கள், பெரிய எழுத்தாளர் ஆயிற்றே என்று. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' படிக்கும்போது அதன் நாயகன் பாபு மீது எனக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை பக்கம் ஒருவன் தன் மனதையே தடவித் தடவிப் பார்க்க வேண்டுமா என்று கோபமாக இருந்தது. அப்படியே எழுதினேன். ஆனால் கும்பகோணத்து ரங்கண்ணா பாபுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பக்கங்களை இரண்டு முறை படித்தேன். எனக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. இருந்தும் அந்த வீட்டுத் தரையில் ஓரமாக உட்கார்ந்து கேட்ட மாதிரி இருந்தது. இரண்டையும் எழுதினால்தான் உண்மை. எழுதும்போது அது மார்ச் மாதம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், கடையில் நிற்க நேரமில்லை என்பதையும் சேர்த்துக் குறித்தேன். பொறுமை போனதில் அதற்கும் பங்கு உண்டு. எனவே தேதியும் அந்த நாட்களின் நிலைமையும் கட்டாயம் வேண்டும்.

வட்டார மொழி தடுக்கினால் வாய்விட்டுப் படியுங்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' கன்னியாகுமரிப் பக்கத்துப் பேச்சு. கொங்கு நாட்டுக்காரியான எனக்குக் கண்ணால் படித்தபோது ஓடவில்லை. மொட்டை மாடியில் சத்தமாகப் படித்ததும் கதையின் நாயகி லிஸியின் குரல் கேட்க ஆரம்பித்தது.

சில நாவல்களுக்கு முடித்த அன்றே எழுத வேண்டும் என்ற விதி செல்லாது. இமையத்தின் 'செல்லாத பணம்' 2020க்கான சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. இஞ்சினியரிங் படித்த ரேவதி ஒரு ஆட்டோக்காரனைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வெளியே அப்பாவும் அம்மாவும் காத்திருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவள் நான். முடித்த இரவு பேனாவை எடுக்கவே இல்லை. நாலு நாள் கழித்து ஒரே வரி எழுதினேன்: "அந்த அப்பா மகளோடு பேசாமல் இருந்த வருஷங்களை எண்ணிக்கொண்டே படித்தேன்." இப்படிப்பட்ட புத்தகத்துக்கு அவ்வளவு போதும், இழுக்க வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து நோட்டைத் திறந்து, வேறு நிற மையில் இன்னும் ஒரு வரி சேர்ப்பேன். மனதில் மிச்சம் என்ன இருக்கிறது என்று. 'மோகமுள்'ளுக்குக் கீழே சிவப்பு மையில் இருப்பது: "பாபு மறந்துவிட்டான். ரங்கண்ணா இருக்கிறார்."

புத்தகத்தை யாருக்காவது படிக்கக் கொடுத்தால் உங்கள் குறிப்பை முதலில் காட்டாதீர்கள். அவர்கள் படித்துத் திருப்பிக் கொடுக்கும்போது நோட்டை நீட்டி, கீழே எழுதச் சொல்லுங்கள். போன மாதம் கடையில் என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெண் 'வெக்கை'யைத் திருப்பிக் கொடுத்தாள். என் சமையல் வரிக்குக் கீழே அவள் எழுதியது: "எனக்குச் சோறு ஞாபகம் இல்லக்கா. பெரிய பையனைப் பறிகொடுத்துட்டு, சின்னவனும் எங்கே இருக்கான்னு தெரியாம அந்த ஆத்தா எப்படித் தூங்கியிருப்பா, அதுதான்."