கொசு விரட்டும் வாசனைச் செடிகள்: வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொசுவை விரட்டச் செராயும் (எலுமிச்சைப் புல்) துளசியும் வளர்க்கிறோம். அந்தப் பூச்சட்டிக்கு அடியில் வைத்த தட்டிலேயே டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பெருகுகிறது. எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது இதுதான். கோலாலம்பூரின் ஒரு மாலை மழை போதும், தட்டு நிரம்பிவிடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள்தான் ஆகும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழையில் பொரிந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை உட்புறத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தட்டே இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது. கொண்டோ பால்கனியில் கீழ்வீட்டுக்கு நீர் சொட்டும் என்றால், தட்டில் விளிம்புவரை மணலை நிரப்பிவிடுங்கள். வேர்விடக் குவளையில் நிறுத்திய செராய்த் தண்டுக்கும் 2 நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். வீட்டில் கொசுப்புழு கண்டால் மலேசியாவின் 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதமும் விதிக்கலாம்.

செடி இருந்தாலே கொசு வராது என்று நம்பி வலையைக் கழற்றிவிடாதீர்கள். வாசனை எண்ணெய் இலைக்குள்தான் இருக்கிறது; கசக்கினால்தான் நன்றாக வெளியேறும், அதுவும் சீக்கிரம் ஆவியாகிவிடும். டெங்கி பரவும் வட்டாரத்தில் செடி ஒரு துணை மட்டுமே.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். சமையல் செராயின் அடித்தண்டு வெளிர்நிறம். கொசுவிரட்டி எண்ணெய் எடுக்கும் சிட்ரோனெல்லாவுக்கு அடி செம்மை படர்ந்திருக்கும், அதைக் குழம்பில் போடக்கூடாது. லாவெண்டர் கேமரன் மலைக் குளிருக்கு ஏற்றது. பினாங்கின் புழுக்கத்தில் பெரும்பாலும் வேர் அழுகிச் சாகும்; அந்தப் பணத்துக்குக் கற்பூரவள்ளி வாங்கலாம்.

வீட்டோரக் களிமண்ணை அப்படியே சட்டியில் அடைத்தால் மழைநீர் வடியாது. மண் 3 பங்கு, மக்கிய உரம் 2 பங்கு, மணல் 1 பங்கு கலந்தால் சரியாக வரும். செராய்க்குக் குறைந்தது 30 செ.மீ. அகலச் சட்டியும் தினம் 6 மணி நேர வெயிலும் வேண்டும். நிழலில் இலை நீளும், மணம் குறையும். தழைச்சத்து உரம் அதிகமானாலும் இதே கதைதான்.

துளசியில் பூங்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிடுங்கள். விதை முற்றவிட்டால் புதுத் தளிர் குறைந்து செடி குச்சியாகும்.