பைக்ல பீல்ட் போறவங்களுக்கு ஒரு டெக்ஸ் விசயம்

மட்டக்களப்புல இருந்து வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, கல்முனை எண்டு சொந்த பைக்ல வேலைக்கு ஓடுற ஆக்கள் கொஞ்சம் கவனிங்க. நம்மட நாட்டு சட்டத்தில சம்பளக்காரருக்கு பெற்றோல், டயர், சேர்விஸ் செலவ காட்டி வருமான வரியில கழிக்க ஏலாது, அது பிஸ்னஸ் செய்றவங்களுக்குத்தான். ஆனா ஒரு வழி இருக்கு. மாசா மாசம் சம்பளத்தோட சேர்த்து ட்ரவலிங் அலவன்ஸ் எண்டு தந்தா அதுவும் வருமானம்தான், ஏபிஐடி (சம்பளத்திலயே பிடிக்கிற வருமான வரி) வெட்டுவாங்க, அதே காச கம்பெனி வேலைக்கு நீங்க செலவழிச்சதுக்கு பில்லுக்குத் திருப்பித் தாற மாதிரி எடுத்தா அது 2017 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி சம்பள வருமானத்தில சேராது.

அதால எச்ஆர்ல கதைச்சுப் பாருங்க. ஒரு கொப்பில திகதி, எங்க இருந்து எங்க, என்ன வேலை, மீற்றர் தொடங்கின இலக்கம் முடிஞ்ச இலக்கம் எழுதுங்க, பெற்றோல் செட் பில்ல போட்டோவும் எடுங்க, அந்தப் பேப்பர்ல எழுத்து கெதியா அழிஞ்சிரும். வீட்ட இருந்து ஒபிசுக்கு போற ஓட்டத்த இதுக்குள்ள போடாதீங்க, அது சொந்தச் செலவு.

2025 ஏப்ரல்ல இருந்து வருசம் 18 லட்சம் வரைக்கும் வரி இல்ல, சம்பளம் அதுக்குள்ள எண்டா இந்த அலைச்சலே தேவையில்ல.