ஃபெரியில் பத்து நிமிடம்: உங்களை நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி

சபையில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முந்தின இரவு மட்டும் அவசர அவசரமாக மனசாட்சியைத் தூசு தட்டும் ஆளாகத்தான் நானும் இருந்தேன். இப்போது அதை, வேலை முடிந்து பினாங்கின் ஜார்ஜ் டவுனிலிருந்து பட்டர்வொர்த் திரும்பும் ஃபெரியில் செய்கிறேன். பத்துப் பதினைந்து நிமிடம்தான். முதலில் கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள், இருப்பதிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

பாவத்தைத் தேடுவதற்கு முன்னால், அன்றைக்கு நடந்த நல்லதுக்கு நன்றி சொல்லுங்கள். 1548இல் அச்சான ஆன்மீகப் பயிற்சிகள் நூலில், இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் வைத்த வரிசை இது: நன்றி, வெளிச்சம் கேட்பது, அப்புறம்தான் ஆராய்வது. (கத்தோலிக்க வழி என்று எங்கள் மெதடிஸ்ட் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் 1738இல் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளில், போன கூட்டத்துக்குப் பிறகு என்ன பாவம் செய்தாய் என்று வாராவாரம் நேராகவே கேட்கச் சொன்னவர்தான்.)

சரி, அன்றைய பொழுதைக் காலையிலிருந்து ஓட்டிப் பாருங்கள். "ஆண்டவரே, நான் பொறுமையில்லாதவன்" என்று பொதுவாகச் சொன்னால் நமக்கு வலிக்கவே வலிக்காது. "பதினொரு மணிக்கு அந்தப் புதுப் பையனை எல்லார் முன்னாலும் திட்டினேன், கணக்கில் பிழை என்னுடையது என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை" என்று நேரம், ஆள், செயல் மூன்றும் வர வேண்டும். உடனே மனசு ஒரு வக்கீலைக் கூட்டி வரும்: அவனும் தாமதமாகத்தானே வந்தான், எனக்கும் அன்றைக்குத் தலைவலி... அந்த 'ஆனாலும்' வருகிற இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரன் கதையைக் கேட்டுக் கொதித்த தாவீது ராஜாவுக்கு, இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டவருக்கு, "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் தீர்க்கதரிசி சொல்லும்வரை அது தன் கதை என்று தெரியவில்லை (2 சாமுவேல் 12). பிரசங்கத்தின் நடுவே "இதை அவர் கேட்டிருக்கணும்" என்று தோன்றினால் அந்த வசனத்தைக் குறித்து வையுங்கள், பெரும்பாலும் அது நமக்குத்தான்.

கண்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாயிற்றா, தோண்டுவதை நிறுத்துங்கள். எனக்குத் தகுதியில்லை என்று திருவிருந்துக்கு எழுந்து போகாமலே உட்கார்ந்திருக்கும் அக்காக்களைப் பார்த்திருப்பீர்கள். பவுல் சொன்னது சோதித்தறிந்து புசிக்க (1 கொரிந்தியர் 11:28), சோதித்துவிட்டு ஒதுங்கி நிற்க அல்ல.

கடைசியாக, மறுநாளுக்கு ஒரே ஒரு காரியம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது, அந்தப் பையனிடம் பிழை என்னுடையது என்று சொல்வது. தனியாக அல்ல, எல்லார் முன்னாலும், திட்டியது அப்படித்தானே. சொன்னேன். காது சுட்டது. தே தாரிக் (நம்மூர் ஆற்றிய பால் டீ) வாங்கித் தரட்டுமா என்றும் கேட்டேன்.

"மைலோ ஐஸ்ண்ணே" என்றான்.