காந்தத்தை இயக்கும் முன்பே பிரிந்து நின்ற கோடு

ஒற்றை அடுக்கு டங்ஸ்டன் டைசெலினைடு என்ற குறைக்கடத்தித் தாளை 4 கெல்வினில் வைத்து, காந்தப்புலத்தில் அதன் ஒளிர்வை அளந்துகொண்டிருந்தேன். இதில் கே, கே-டேஷ் என்று இரண்டு எலக்ட்ரான் பள்ளத்தாக்குகள், அதாவது எலக்ட்ரானின் ஆற்றல் மிகத் தாழ்ந்திருக்கும் இரண்டு நிலைகள். ஒன்று வலஞ்சுழி ஒளியையும் (மின்புலம் வலப்பக்கமாகச் சுழலும் ஒளி) மற்றது இடஞ்சுழி ஒளியையும் உமிழும். தாளுக்குச் செங்குத்தாகப் புலம் கொடுத்தால் இரண்டின் ஆற்றலும் எதிரெதிர்த் திசையில் நகரும். புலத்துக்கு எவ்வளவு பிளவு என்று சொல்லும் ஜி எண் ஏறக்குறைய 4. அதாவது இரண்டுக்கும் இடையிலான பிளவு டெஸ்லாவுக்கு 0.23, 9 டெஸ்லாவில் வெறும் 2.1 மில்லி எலக்ட்ரான் வோல்ட். நிறமாலையில் தெரியும் ஒளிர்வுக் கோட்டின் அகலமே அதைவிட அதிகம்!

எனக்கு ஜி எண் 4.6 வந்தது. புதுசாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்க மிதந்தேன். அப்புறம்தான் புலம் பூஜ்யமாக இருக்கும்போது அளந்து பார்த்தேன். அங்கேயே 0.3 மில்லி எலக்ட்ரான் வோல்ட் பிளவு!

குற்றவாளி கால் அலைத்தகடு, எந்தச் சுழியை அளப்பது என்று தேர்ந்தெடுக்க ஒளியின் வழியில் வைக்கும் தகடு. சுழி மாற்ற அதைத் திருப்பும்போதெல்லாம் ஒளிக்கற்றை நிறமாலைமானியின் வாயிலில் துளியளவு நகர்ந்தது. கோடும் கூடவே நகர்ந்தது.

தகட்டை மறுபடி மறுபடி நேராக்கிப் பார்த்து அலுத்துப்போனேன். சரி, அதைத் தொடவே வேண்டாம் என்று ஒரே நிலையில் பூட்டிவிட்டு, காந்தத்தின் திசையை மாற்றினேன். +9ல் ஒரு சுழி காட்டும் ஆற்றலை −9ல் மற்றச் சுழி காட்டும். அதனால் ஒரே சுழியை இரு திசையிலும் அளந்து கழித்தால் போதும், ஒளியியல் பிழை தானாக அடிபட்டுப்போகும். காந்தம் மெதுவாக ஏறி இறங்க ஒரு மணி நேரம், இடையில் இரண்டு டீ.

ஜி எண்ணுக்கு விடை 4.1. கண்டுபிடிப்பு போச்சு.