வாழ்க்கை வரலாற்றை வாசிக்கும் முறை

பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைக் கையில் எடுக்கும்போதே அவர் பின்னாளில் என்ன ஆனார் என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்த முன்னறிவுதான் நூலை வாங்கத் தூண்டுகிறது. வாசிப்பைக் கெடுப்பதும் அதுவே. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த 25 வயது சாமிநாதையரை நாம் அன்றே தமிழ்த் தாத்தாவாகப் பார்த்துவிடுகிறோம். அவருக்கோ தாம் பத்துப்பாட்டையும் புறநானூற்றையும் பதிப்பிக்கப் போகிறோம் என்பது தெரியாது. கிடைத்த வேலை நிலைக்குமா, வகுப்பு மாணவர்கள் தம்மை மதிப்பார்களா என்பவையே அப்போது அவருடைய கவலைகளாக இருந்திருக்கக்கூடும். முடிவு தெரியாத நிலையில் ஒரு மனிதர் எவ்வாறு தீர்மானித்தார் என்பதை அருகிலிருந்து காண்பதே வாழ்க்கை வரலாற்று நூல்கள் தரும் தலையாய பயன் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்பயன் தானாக வந்து சேர்வதில்லை. அதற்கேற்ப வாசிக்கப் பழக வேண்டும்.

முதலில், திருப்புமுனை என்று தோன்றும் இடத்தில் நூலை மூடி வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலில் அத்தகைய இடம் ஒன்று உண்டு. 1880 அக்டோபர் 21 அன்று, கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் முதன்முறையாகச் சந்திக்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்ட முதலியாரிடம் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் எனத் தாம் பாடம் கேட்ட நூல்களை வரிசையாகச் சொல்கிறார். முதலியாருக்கு அந்தப் பட்டியல் நிறைவளிக்கவில்லை. சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை. இந்த இடத்தில் நூலை மூடிவிட்டு, அந்த இளைஞர் முன்னால் இருந்த வழிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தமிழ்நாட்டின் மிகச் சிறந்த புலவரிடம் முறையாகப் பயின்றவர், கல்லூரி ஆசிரியர், ஊரார் மதிக்கும் வித்துவான்; இந்த அதிகாரிக்கு நம் படிப்பின் அருமை தெரியவில்லை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ மீண்டும் முதலியார் வீட்டுக்குச் சென்றார்; முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுக்கொண்டார்; படிக்கத் தொடங்கியபோது தமக்குப் புரியாத செய்திகள் அதில் நிறைந்திருப்பதைக் கண்டார். நச்சினார்க்கினியர் உரையிலும் ஐயங்கள் எழுந்தபோது, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்று அவர்களுடைய சமய வழக்குகளைக் கேட்டறிந்தார். சைவ மடத்தில் பயின்ற ஒருவர், தாம் அறியாததை அறிந்தவர் எவராயினும் அவரிடம் மாணவராக அமர்ந்த செயல் அது. சீவக சிந்தாமணியின் பதிப்பு வெளிவந்தது 1887இல். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்த முதல் சந்திப்பை மறுபடியும் படித்தால், தன் அறியாமையை ஒப்புக்கொள்வதற்கு ஒரு கற்றவரிடம் எவ்வளவு துணிவு வேண்டியிருக்கிறது என்பது விளங்கும்.

அடுத்து, ஆண்டுகளையும் பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஓர் ஆண்டுக்கு ஐம்பது பக்கங்கள் ஒதுக்கும் ஆசிரியர், வேறோர் எட்டு ஆண்டுகளை ஒரே பத்தியில் கடந்துவிடக்கூடும். சார்லஸ் டார்வினைப் பற்றிய சுருக்கமான நூல்கள் பெரும்பாலும் 1831 முதல் 1836 வரையிலான பீகிள் கப்பல் பயணத்தை விரிவாகச் சொல்லிவிட்டு, 1859இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலுக்குத் தாவிவிடுகின்றன. இடையில், 1846 முதல் 1854 வரை, கடற்பாறைகளிலும் கப்பல்களின் அடிப்பகுதியிலும் ஒட்டி வாழும் பார்னக்கிள் என்னும் சிற்றுயிர்களை அறுத்து ஆராய்ந்து வகைப்படுத்துவதிலேயே டார்வின் தம் உழைப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டார். உயிரினங்களுக்குள் வேறுபாடு என்பது எத்தனை சாதாரணமானது என்பதை நுண்ணோக்கியின் கீழ் அவர் தம் கண்ணாலேயே கண்ட காலம் அது. கதைக்கு உதவாத ஆண்டுகளாகத் தோன்றுபவை வேலைக்கு உதவிய ஆண்டுகளாக இருக்கலாம். எனவே ஆசிரியர் எந்த ஆண்டுகளை விரைந்து கடக்கிறாரோ அவற்றை ஓரத்தில் குறித்துவைத்து, அக்காலத்தில் அந்த வரலாற்றுக்கு உரியவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று வேறு நூலில் தேடிப் பார்ப்பது பயன் தரும்.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தயங்கக் கூடாது. பலர் இதை அற்பமான கேள்வியாகக் கருதுகிறார்கள். ஒரு வாழ்க்கையில் எது முடிந்தது, எது முடியாமற்போனது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடைப்பது அரிது. டார்வின் வசதியான மருத்துவரின் மகன். கப்பல் பயணத்தில் அவருக்குச் சம்பளம் கிடையாது. செலவைக் குடும்பமே ஏற்றது. தந்தை முதலில் இப்பயணத்தை மறுத்தார்; தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் பரிந்து பேசிய பிறகே இசைந்தார். சீனிவாச இராமானுசன் வாழ்க்கையில் இதே கேள்வியைக் கேட்டால் வேறொரு சித்திரம் எழுகிறது. கணிதத்தைத் தவிர வேறு பாடங்களில் மனம் செல்லாததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. என்னும் கல்லூரித் தேர்விலும் வெற்றி பெறவில்லை. இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி.இராமசுவாமி ஐயர் அவருடைய குறிப்பேடுகளின் மதிப்பை உணர்ந்து அறிமுகக் கடிதம் கொடுத்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே அவருடைய மேலதிகாரி நாராயண ஐயர் கணிதம் அறிந்தவராக அமைந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுசன் எழுதிய கடிதமும், அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த 75 ரூபாய் மாத உதவித்தொகையும் இவர்களுக்குப் பிறகு வந்தவை. தனியொரு மேதை தானே எழுந்து நின்றார் என்று சொல்லும் நூலைப் படித்தாலும், நூலின் ஓரங்களில் வந்துபோகும் இத்தகைய பெயர்களைத் தனியே எழுதி வையுங்கள். ஒரு திறமையைக் கண்டுகொள்வது எப்படி என்பதை இவர்களிடமிருந்துதான் கற்றுக்கொள்ள முடியும். நம்மில் பெரும்பாலோர்க்கு வாய்க்கக்கூடிய பங்கும் இதுவே.

இராமானுசனைப் பற்றிப் பேசும்போது ஐதிகத்தையும் ஆவணத்தையும் எப்படிக் கையாள்வது என்பதையும் சொல்ல வேண்டும். நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளே தம் கணிதம் என்று அவர் நம்பினார். நண்பர்களிடமும் அவ்வாறே சொன்னார். அது அவருடைய அகவாழ்வைப் பற்றிய உண்மையான சான்று, அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதே வேளையில், பள்ளிப் பருவத்தில் ஜி.எஸ்.கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது என்பதும் ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகளை நிறுவல்கள் மிகக் குறைவாகவே தந்து அடுக்கிச் செல்லும் அந்நூலின் முறை இராமானுசன் எழுதும் முறையிலும் படிந்தது என்பதும் சான்றுகள்தாம். இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்காமல், ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை வாசகருக்கு வாய்த்தால், அது ஒரு நூலோடு நின்றுவிடாது.

யார் எழுதியது, எந்த வயதில், யாருக்காக என்னும் மூன்று கேள்விகளை முன்னுரை படிக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. டார்வின் 1876இல் தம் குடும்பத்தார்க்காகத் தன்வரலாறு எழுதினார். அவர் மறைந்தபின், 1887இல் மகன் பிரான்சிஸ் அதை வெளியிட்டபோது, சமயம் பற்றிய சில பகுதிகள் மனைவி எம்மாவின் விருப்பத்துக்கு இணங்க நீக்கப்பட்டன. முழு வடிவம் பேர்த்தி நோரா பார்லோவின் பதிப்பாக 1958இல்தான் வெளிவந்தது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக வாசகர்கள் அறிந்திருந்தது குறைக்கப்பட்ட டார்வினை. குடும்பத்தார் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. அன்பினாலும் பிறர் மனம் புண்படுமோ என்ற அச்சத்தினாலும் செய்தார்கள். அன்பு எழுதவைக்கும் நூல்களிலும் மறைப்பு உண்டு என்பதை அறிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியது 1940இல், ஏறத்தாழ 85ஆம் வயதில். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய உரையாடல்கள் அதில் நேற்று நிகழ்ந்தவைபோல் வருகின்றன. அவருடைய நினைவாற்றல் வியக்கத்தக்கதுதான். ஆயினும் உரையாடலின் சொற்கள் முதுமையில் அமைந்தவை, நிகழ்ச்சியின் சாரம் இளமையில் பதிந்தது என்று கொண்டு வாசிப்பதே நேர்மையாகும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம் பிள்ளையும் அக்காலத்தில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துக்கொண்டிருந்தார். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க அவர் விரும்பியதை ஐயர் தம் பக்கத்திலிருந்து சொல்கிறார். தாமோதரம் பிள்ளை தன்வரலாறு எழுதவில்லை. ஆனால் தம் பதிப்புகளுக்கு நீண்ட முன்னுரைகள் எழுதியிருக்கிறார். செல்லரித்த ஏடுகள் கையில் எடுக்கும்போதே உதிர்ந்துபோவதைக் கண்டு அவர் பட்ட தவிப்பு அவற்றில் தெரிகிறது. இருவரையும் சேர்த்துப் படிப்பவருக்குப் போட்டியைவிட, இருவரையும் ஒரே திசையில் துரத்திய பதற்றமே பெரிதாகப் புலப்படும்.

ஆகவே, ஒரே வாழ்க்கையை இரண்டு நூல்களில் வாசியுங்கள் என்பது நான் மிகவும் வற்புறுத்தும் அறிவுரை. பத்துப் பேரைப் பற்றிப் பத்துச் சிறு நூல்கள் படிப்பதைவிட இதன் பலன் ஆழமானது. தமிழ் வாசகர்க்கு இதற்கு அருமையான வாய்ப்பு இருக்கிறது. ஐயர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். அங்கே ஆசிரியர் நடுவில் இருக்கிறார். மாணவர் ஓரமாக நிற்கிறார். தன்வரலாற்றில் அதே ஆண்டுகள் மாணவரின் பசியோடும் ஆர்வத்தோடும் அச்சத்தோடும் திரும்ப வருகின்றன. எண்ணற்ற நூல்கள் இயற்றிய ஒரு பெரும்புலவர் கடன் தொல்லையோடு வாழ்ந்தார் என்பதை இரண்டும் காட்டுகின்றன. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்கத் தொடங்கிய ஐயர், தம் ஆசிரியர் அதை விரும்பவில்லை என்று அறிந்ததும் நிறுத்திவிட்டார். இசைக் குடும்பத்தில் பிறந்தவர் கைவிட்ட அந்தப் பாதையைப் பற்றிச் சற்று நின்று நினைக்கத்தான் வேண்டும். பின்னாளில் கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகாவைத்தியநாதையர் ஆகியோரின் வரலாறுகளை அவரே எழுதினார் என்பதையும் அருகில் வைத்துப் பார்த்தால், விட்ட ஒன்று வேறு வடிவில் உடன் வந்ததை உணரலாம்.

வாசிக்கும்போது ஒரு குறிப்பேட்டில் ஆண்டுவரிசை எழுதி வருவது எளிய வேலை. ஒரு பக்கத்தில் அந்த மனிதர், எதிர்ப்பக்கத்தில் அதே ஆண்டின் பிற செய்திகள். சில நூல்கள் சேர்ந்ததும் அது தானே பேசத் தொடங்கும். 1887ஆம் ஆண்டைப் பாருங்கள்: ஐயரின் சிந்தாமணி, தாமோதரம் பிள்ளையின் கலித்தொகை, குறைக்கப்பட்ட டார்வின் தன்வரலாறு, டிசம்பரில் ஈரோட்டில் இராமானுசனின் பிறப்பு. 1903இல் ஐயர் கும்பகோணம் கல்லூரியிலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறுகிறார். 1904இல் அதே கும்பகோணம் கல்லூரியில் இராமானுசன் சேர்கிறார். தனித்தனி நூல்களில் வாழும் மனிதர்கள் ஒரே காலத்தில், சில சமயம் ஒரே தெருவில் நடமாடியவர்கள் என்ற உணர்வு இப்படித்தான் வரும்.

தொடங்குபவர் ‘என் சரித்திர’த்திலேயே தொடங்கலாம். வார இதழுக்காக எழுதப்பட்டதால் அதன் அத்தியாயங்கள் சிறியவை, 120க்கும் மேற்பட்டவை. நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் நான்கு மாதங்களில் முடியும். ஒரே மூச்சில் படிப்பதைவிட இந்த வேகமே அதற்குப் பொருந்தும். 1942 ஏப்ரலில் ஐயர் மறைந்ததால் நூல் நிறைவு பெறாமல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியளவில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரான்’ நூலை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் ஒருவர் ஆசிரியரைப் பற்றி எழுதுகிறார் என்பதை அங்கும் மறக்க வேண்டாம்.