பெருவன்முறையில் உயிர்தப்பியவர்களிடமிருந்து கற்பது எப்படி?

ஒரே சமயத்தில் பலரின் உயிரைப் பறிக்கும் தாக்குதல் போன்ற பெருவன்முறையை எதிர்கொள்ளும் திட்டத்தை ஒரு பள்ளியோ ஊரோ வகுக்கும்போது காவல்துறையையும் மருத்துவமனையையும் கலந்து பேசுகிறது. அப்படியொரு நாளைக் கடந்து வந்தவர்களைக் கலந்து பேசுவது அரிது. அவர்களைத் திட்டம் முடிந்தபின் ஒப்புதலுக்காக அல்லாமல், முதல் வரைவுக்கு முன்பே அழைக்க வேண்டும்.

தனிமனிதர்களின் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். உயிர்தப்பியவர்களே நடத்தும் அமைப்புகள் வழியாக அணுகினால், பேச விரும்புபவர்கள் தாமாகவே முன்வருவார்கள். அமெரிக்காவில் 1999-இல் கொலம்பைன் பள்ளித் தாக்குதலுக்கு ஆளானவர்கள், 2012-இல் அரோரா திரையரங்கில் துப்பாக்கிச்சூடு நடந்தபின் 'தி ரெபெல்ஸ் ப்ராஜெக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கியது, புதிதாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணைநிற்கத்தான். துயரம் இன்னும் புதிதாக இருப்பவர்களைக் கேள்விகளோடு நெருங்க வேண்டாம்.

கேள்விகளை முன்கூட்டியே அனுப்புங்கள். எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அவர்கள் செலவிடும் நேரத்துக்கு உரிய ஊதியம் கொடுங்கள். யார் எப்படி இறந்தார் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் எந்தத் தகவல் கிடைக்காமல் தவித்தீர்கள், குடும்பத்தார் எங்கே காத்திருந்தார்கள், அவர்களிடம் செய்தியை யார் சொன்னார்கள், ஓராண்டுக்குப் பின் எந்த உதவி நின்றுபோனது என்று கேளுங்கள்.

இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள் திட்டத்தையே மாற்றக்கூடியவை. நார்வேயின் உட்டோயா தீவில் நடந்த இளைஞர் முகாமில் 2011 ஜூலை 22 அன்று துப்பாக்கி ஏந்தியவனின் தாக்குதலில் 69 பேர் கொல்லப்பட்டபோது, மறைந்திருந்த இளைஞர்கள் கைபேசி ஒலித்தால் தாம் காட்டிக்கொடுக்கப்படுவோம் என்று அஞ்சி, அழைக்க வேண்டாம் என வீட்டாருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ஆகவே கைபேசியை ஒலியின்றி வைப்பது பயிற்சியில் இடம்பெற வேண்டும். குடும்பத்தார் நேரடியாக அழைக்காமல் செய்தி பெறுவதற்கு ஓர் எண்ணும் ஓர் இடமும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கடும் இரத்தப்போக்கு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும் என்பதால், அதை நிறுத்தும் பயிற்சியை ஊழியர் அனைவருக்கும் அளியுங்கள்.

மீட்சியைப் பற்றிய பகுதிதான் பெரும்பாலான திட்டங்களில் மிக மெலிந்திருக்கிறது. அது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பார்த்தல், கேட்டல், தேவையான உதவியோடு இணைத்தல் என்ற மூன்றையே அடிப்படையாகக் கொள்கிறது. நடந்ததை விவரிக்கும்படி எவரையும் அது வற்புறுத்தச் சொல்வதில்லை. உதவி தேவையென்றால் வாருங்கள் என்று காத்திருப்பதும் போதாது, ஏனெனில் மிகவும் உடைந்துபோனவர்கள் வருவதில்லை. நார்வேயில் அந்தத் தாக்குதலுக்குப் பின், பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தொடர்பாளரை அமர்த்தி, அவரே தேடிச் சென்று விசாரிக்கும்படி உள்ளாட்சிகள் கேட்டுக்கொள்ளப்பட்டன.

காலம் நீண்டது என்பதை ருவாண்டா காட்டுகிறது. 1994 இனப்படுகொலையில் பெற்றோரை இழந்த மாணவர்கள், 1996-இல் உருவான தமது சங்கத்துக்குள், தங்களிடையே ஒருவரைத் தந்தையாகவும் ஒருவரைத் தாயாகவும் தேர்ந்து சிறு குடும்பங்களாக வாழ்ந்தார்கள். அங்கே ஒவ்வோர் ஏப்ரலிலும் நினைவுகூரல் தொடங்கும்போது பழைய அதிர்ச்சி பலருக்கு மீண்டும் எழுகிறது. உங்கள் திட்டத்திலும் நினைவுநாட்களுக்கான உளநல உதவி பல ஆண்டுகளுக்குக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்களுக்காக வரும் நன்கொடையை யார், எந்த விதிப்படி பகிர்வார் என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். வரைவு முடிந்ததும் பேசியவர்களிடமே அதைப் படித்துக் காட்டி, அவர்கள் மறுக்கும் வரிகளைத் திருத்துங்கள். பெயர் வெளிவருவதை விரும்பாதவரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்கக் கூடாது.