கடற்கரை வெயிலில் கறுத்த முகத்துக்குக் கெமிக்கல் பீல்: முதல் தடவை போகிறவர்களுக்கு

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க எங்கள் மண்டபம் ஊரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பையன் விளக்கை இரண்டு தடவை திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, வலது கன்னம் மட்டும் இருட்டா விழுதுக்கா" என்றான். விளக்கில் கோளாறு இல்லை. 17 வருஷமாக மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். டிரைவர் பக்கம், சன்னலோர சீட்டு. பாம்பன் பாலத்தில் ஏறியதும் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். அந்தச் சுகத்துக்கு 46 வயதில் வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டி வந்தது. கன்னத்தில் மங்கு, கண்ணோரம் சின்னச் சின்னக் கோடுகள், தொட்டால் சொரசொரப்பு.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் தொடங்கி மாசி வரை தோல் டாக்டரிடம் போய் நான்கு பீல் செய்துகொண்டேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, அந்தக் கட்டிலில் படுத்து எழுந்தவள், அவ்வளவுதான். இது வீட்டில் செய்து பார்ப்பதற்கான செய்முறையும் இல்லை. டாக்டரிடம் எப்படிப் போக வேண்டும், போய் வந்தபின் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான செய்முறை.

பீல் என்றால் என்ன?

தோலின் மேல்பகுதியை அமிலத்தால் அளவோடு உரித்தெடுப்பது. உரிந்த இடத்தில் உடம்பு புதுத் தோலை வளர்க்கும். இளம் வயதில் மேல்தோல் ஏறக்குறைய 28 நாளுக்கு ஒருமுறை தானாகவே புதுசாகிவிடும். வயது ஏற ஏற இது மெதுவாகிறது. செத்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டே இருப்பதால் முகம் மங்கித் தெரிகிறது. இன்னொரு பக்கம், வெயிலில் உள்ள யு.வி.ஏ. என்ற புற ஊதாக் கதிர் உள்தோல்வரை இறங்கி, தோலை இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜனைக் கெடுக்கிறது. சுருக்கத்துக்கு வயதைவிட இந்த வெயிலுக்குத்தான் பெரிய பங்கு.

எங்கள் அப்பத்தா புளித்த தயிரை முகத்தில் பூசிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தயிரில் இருக்கும் லாக்டிக் ஆசிட்தான் இன்று பீலிலும் இருக்கிறது. கிளைக்காலிக் ஆசிட் கரும்பில் இருப்பது, மாண்டலிக் கசப்பு வாதுமையிலிருந்து வந்தது, சாலிசிலிக்கின் மூலம் வில்லோ மரப்பட்டை. 1882-லேயே ஜெர்மனியில் உன்னா என்ற தோல் மருத்துவர் சாலிசிலிக், டிசிஏ (ட்ரைகுளோரோ அசெட்டிக் ஆசிட்), ஃபீனால் எல்லாம் தோலில் என்ன செய்கின்றன என்று எழுதி வைத்துவிட்டார். அப்பத்தாவின் தயிருக்கும் கிளினிக் பாட்டிலுக்கும் வித்தியாசம் அளவில்தான் இருக்கிறது. எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு.

ஆழத்தை வைத்து மூன்று வகை சொல்வார்கள். மேலோட்டமானது மேல்தோலோடு நின்றுவிடும். நடுத்தரமானது, உதாரணத்துக்கு 35 சதவீத டிசிஏ, உள்தோலின் மேல்பகுதிவரை போகும். ஆழமானது ஃபீனால். அது ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கக்கூடியது, அதனால் இதயத்தைக் கண்காணித்துக்கொண்டே செய்ய வேண்டும். நம் நிறத்துத் தோலில் நிரந்தரமாக வெளுத்த திட்டுகளையும் விடலாம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

1975-ல் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர், வெயில் பட்டால் சிவக்கிறதா, கறுக்கிறதா என்பதை வைத்துத் தோலை வகை பிரித்தார். இன்று அது ஆறு வகையாக இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் 4, 5, 6. இதன் அர்த்தம் எளிது. கொசு கடித்த இடமே நமக்குக் கறுப்புப் புள்ளியாகத்தான் ஆறும். பீலும் ஒரு புண்தான். கொஞ்சம் அதிகமாகிவிட்டால், எதைப் போக்கப் போனோமோ அதையே இரண்டு மடங்காக வாங்கிக்கொண்டு வருவோம். அதனால் நமக்கு மேலோட்டமான பீல், குறைந்த சதவீதம், இடைவெளி விட்டுப் பல தடவை.

முதல் படி: மாதத்தைப் பாருங்கள்

டாக்டரைத் தேடுவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வீட்டுக்காரர் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருப்பார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார், இப்போதே போய் வந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கத்திரி வெயில் அதற்குள்தான் வருகிறது. புதுத்தோலோடு அந்த வெயிலில் நின்றால் செலவழித்த காசு வீண்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் நல்ல காலம். மேகத்தைத் தாண்டியும் யு.வி. வரும் என்பதால் அப்போதும் சன்ஸ்கிரீனை விட முடியாது. ஆனால் வெளியே சுற்றுவது தானாகவே குறைந்துவிடும். கல்யாணம், கந்தூரி, சர்ச் திருவிழா என்று ஏதாவது இருந்தால் அதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாக முடித்துவிடுங்கள்.

கரையில் இருக்கிறவர்கள் குடையை மட்டும் நம்பக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், காய்ந்த மணல் யு.வி. கதிரில் 15 சதவீதத்தையும் கடல்நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கின்றன. மேலே குடை பிடித்தால் கீழேயிருந்து வரும்.

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. கடலில் பாசி எடுக்கிறவர்கள், வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் நிற்கிறவர்கள், கருவாடு காய வைக்கிறவர்கள் எல்லாம் ஒரு வாரம்கூட வெயிலை விட்டு விலக முடியாது என்றால் பீல் செய்துகொள்ளவே வேண்டாம். அந்தக் காசில் நல்ல சன்ஸ்கிரீன் வாங்குங்கள், அகலமான பனையோலைத் தொப்பி வாங்குங்கள். ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டாலே முகத்தில் வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது படி: டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்

எம்.டி. அல்லது டி.டி.வி.எல். படித்த தோல் டாக்டராக இருக்க வேண்டும். பார்லரில் "ஃபேஷியல் மாதிரிதான்க்கா" என்று சொல்லிப் பூசிவிடுவதை நம்பாதீர்கள். தனியாரிடம் போக யோசனையாக இருந்தால், முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவில் காட்டி, முகத்தில் இருப்பது மங்குதானா, வேறு ஏதாவதா என்று தெரிந்துகொள்ளுங்கள். கன்னத்தில் கடுகு தெளித்த மாதிரி மேடாக நிற்கும் கறுப்புப் புள்ளிகள் பலருக்கு உண்டு. அவை பீலில் போகாது, பெரும்பாலும் சுட்டுத்தான் எடுப்பார்கள்.

கர்ப்பமாக இருக்கிறீர்களா, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டீர்களா, உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமா, காது குத்திய இடத்தில் தழும்பு கட்டியாக வளர்ந்ததா என்று டாக்டர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற சில மாத்திரைகள் வெயிலைத் தாங்க விடாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

முக்கியமாக, இதுவரை பூசிய கிரீம்களைப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கொண்டுவந்த டப்பா, மெடிக்கலில் "வெள்ளையாகுற கிரீம்" என்று கேட்டு வாங்கிய டியூப் இல்லாத வீடு குறைவு. இவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். பூசும்வரை முகம் பளிச்சென்று இருக்கும், நிறுத்தினால் சிவந்து எரியும். மாதக்கணக்கில் பூசிய தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துபோயிருக்கும். அதன்மேல் ஆசிட் பட்டால் டாக்டர் நினைத்ததைவிட ஆழமாக இறங்கிவிடும். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை இது.

மூன்றாவது படி: இரண்டு முதல் நான்கு வாரம் தோலைத் தயார் செய்வது

பலர் தாண்டிக் குதிக்கிற படி இதுதான். இரவில் பூச டாக்டர் ஒரு கிரீம் தருவார். எனக்குக் கிடைத்தது 0.025 சதவீத ட்ரெட்டினாயின். பீலுக்குச் சில நாள் முன்னால் அதை நிறுத்தச் சொல்வார். பகலில் சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி வரும் அளவு வேண்டும். நான் அதுவரை பட்டாணி அளவு பூசிக்கொண்டு "சன்ஸ்கிரீன் வேலை செய்யவில்லை" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தவள். மங்கு இருப்பவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது, கண்ணுக்குத் தெரியும் ஒளியே நம் தோலைக் கறுக்க வைக்கும் என்பதால்.

கடைசி ஒரு வாரம் த்ரெட்டிங், ப்ளீச், வேக்சிங், ஸ்க்ரப் எதுவும் கூடாது. காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசிச் சோதித்துப் பார்ப்பார்களா என்று கேளுங்கள்.

நான்காவது படி: அந்த நாள்

முகத்தைக் கழுவி, தலைமுடியை உறைக்குள் ஒதுக்கிவிட்டார்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தார்கள். எண்ணெய் இருக்கும் இடத்தில் ஆசிட் சமமாக இறங்காதாம். பிறகு கண்ணோரம், மூக்கின் மடிப்பு, வாயோரம் மூன்றிலும் வாசலின். கண்மேல் ஈரப் பஞ்சு. "என்ன ஆசிட், எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம்?" என்று அப்போதே கேட்டுவிட்டேன். கிளைக்காலிக், 35, ஒன்றரை நிமிடம். நீங்களும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை உதவும்.

பிரஷ் நெற்றியில் தொடங்கிக் கன்னம், தாடை, மூக்கு என்று வேகமாகப் போனது. முதலில் குளிர்ச்சி. அப்புறம் ஊறல், அப்புறம் பச்சைமிளகாய் நறுக்கிய கையால் முகத்தைத் தொட்ட மாதிரி எரிச்சல். நர்ஸ் கையில் சின்னக் காத்தாடி, வாயில் எண்ணிக்கை. "எழுபது... எண்பது..." தொண்ணூறில் சோடா உப்புக் கரைசலைப் பூசினார்கள். ஆப்பத்துக்குப் போடுகிறோமே, அதே சோடா உப்புதான். முகத்தில் நுரை பொங்கி, ஒரு கணம் சூடேறி, எரிச்சல் அடங்கியது. கிளைக்காலிக்கை இப்படி முறித்தே ஆக வேண்டும், விட்டால் இறங்கிக்கொண்டே இருக்கும். சாலிசிலிக் அப்படி இல்லை. காய்ந்து வெள்ளைப் பொடியாகப் படிந்து தானாக நின்றுவிடும்.

எரிச்சல் ஒரே இடத்தில் குத்தினால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், உடனே சொல்லுங்கள்.

இங்கேதான் என் மதினியின் கதையைச் சொல்ல வேண்டும். நான் திரும்பி வந்ததைப் பார்த்து, ஆன்லைனில் ஒரு சின்னப் பாட்டில் வரவழைத்திருந்தார். "பிரஷ்ஷோட வந்திருக்கு, நீ கொடுத்த காசுல பாதிகூட இல்ல." "மதினி, அது டிசிஏ, அதைத் தொடாதீங்க" என்றேன். மூன்று நாள் கழித்துக் கன்னத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் பொருக்கோடு வந்தார். டிசிஏ தோலில் உள்ள புரதத்தை வேகவைத்துவிடும், முட்டை வெள்ளை வேகிற மாதிரி. அதை முறிக்கத் தனிக் கரைசலும் இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 ஜூலையில் இப்படிப்பட்ட பாட்டில்களை வாங்கித் தாமாகவே பூச வேண்டாம் என்று எச்சரித்ததே இந்த மாதிரித் தீக்காயங்களால்தான்.

ஐந்தாவது படி: அடுத்த பத்து நாள்

அன்றைக்கு முகம் சிவந்து இருக்கும். தண்ணீரில் மெதுவாகக் கழுவி, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் மட்டும் போதும். மஞ்சள், எலுமிச்சை, கற்றாழை எதுவும் வேண்டாம். விறகடுப்புப் பக்கம் போக வேண்டாம், வியர்க்க வேலை செய்ய வேண்டாம். அக்னி தீர்த்தக் குளியலும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் முகம் பிடித்து இழுக்கும், பழுப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம். பிறகு வாயோரத்திலிருந்து உரியத் தொடங்கும். சிலருக்கு உரிவதே தெரியாது, வெறும் வறட்சியாக இருக்கும். பீல் வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நான் தவறியது இங்கேதான். ஐந்தாம் நாள் காலை கண்ணாடியில் பார்த்தால், வாயோரத்தில் விளமீன் செதில் மாதிரி ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இதோடு எப்படிப் போவது என்று நகத்தால் பிடித்து இழுத்தேன். பாதி வந்தது. மீதி பச்சைத் தோலையும் சேர்த்துக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் விழுந்த கறுப்புத் திட்டு மறைய மாசி ஆகிவிட்டது. தொங்கும் துண்டைச் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, மாய்ஸ்சரைசரைப் பூசிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

கொப்புளம், சீழ், மஞ்சள் பொருக்கு, நாளுக்கு நாள் கூடும் வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

சன்ஸ்கிரீனைத் தோல் ஆறியதும் டாக்டர் சொல்லும் நாளில் திரும்பத் தொடங்கி, வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். நான் பஸ்ஸில் இடது பக்கம் மாறவில்லை, அந்தச் சீட்டு பழகிவிட்டது. சேலை முந்தானையை முகத்துக்குக் குறுக்கே பிடித்துக்கொள்கிறேன். மெல்லிய துணி போதாது, கெட்டியாக நெய்தது வேண்டும்.

ஆறாவது படி: எத்தனை தடவை, எப்போது நிறுத்துவது

இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு முதல் ஆறு தடவை என்பது வழக்கம். ஒரு தடவையில் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். எனக்குச் சொரசொரப்பு இரண்டாவதில் போனது, மங்கு மூன்றாவதில் வெளுத்தது, கண்ணோரக் கோடுகள் கொஞ்சம் மழுங்கின. சிரித்தால் விழும் மடிப்பு அப்படியேதான் இருக்கிறது, அது தசையால் வருவது. தொங்கிய கன்னத்தையும் மேலோட்டமான பீல் தூக்காது.

வாயோரத் திட்டால் இரண்டாவது பீலை டாக்டர் ஆறு வாரம் தள்ளிப்போட்டார். அதனால் நான்காவது முடியும்போது மாசி வந்துவிட்டது. ஐந்தாவதற்குத் தேதி கேட்டேன். டாக்டர் சன்னலுக்கு வெளியே வெயிலைக் காட்டி, "ஐப்பசியில வாங்க" என்றார்.